எதிர் வீடு வழியாக ஆக்லாந்து

திருச்சியிலிருந்து ஆக்லாந்து எவ்வளவு தூரம் என்று போனில் தட்டிப் பார்த்தால், பதினோராயிரம் கிலோமீட்டர் சொச்சம் என்று வரும். ஆகாயத்தில் மட்டும் பதினாலு மணி நேரம். நடுவில் சிங்கப்பூரில் இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பதையும் சேர்த்தால் இருபது மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். போனுக்கு என்ன, அது பாட்டுக்குச் சொல்லும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அந்தப் பயணம் ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதிலும் முக்கால்வாசி நேரம் என் வீட்டு ஹாலில்தான் கழிந்தது.

அவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய அடுக்குமாடிக் கட்டடம் எங்களுடையது. இரண்டாவது மாடியில் எங்கள் கதவைத் திறந்தால் எதிரே அவர் கதவு. இப்போது அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். நல்ல மனுஷர்கள்தான். ஆனாலும் காலையில் கோலம் போடக் கதவைத் திறக்கும்போது எனக்கு அக்கா ஞாபகம் வந்துவிடும்.

ஆள் குள்ளம். நடையைப் பார்த்தால் யாரோ பின்னாலிருந்து தள்ளிவிடுகிற மாதிரி இருக்கும். பொன்மலை ரயில்வே பட்டறை ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு குணம் உண்டு. அதை நல்ல குணம் என்பதா, கெட்ட குணம் என்பதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வீட்டை விட்டுக் கிளம்பினால் கிளம்பியதுதான், திரும்ப மாட்டார். குடையை மறந்திருக்கட்டும், பர்ஸை மறந்திருக்கட்டும், சாப்பாட்டு டப்பா சமையல் மேடையிலேயே இருக்கட்டும். தெருமுனையில் ஞாபகம் வந்தாலும் தலையைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார். "கிளம்பியாச்சுன்னா கிளம்பியாச்சு" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நாளில் ஒரு தடவை ஒரு காலில் கறுப்பும் மற்றக் காலில் அரக்குமாகச் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். நான் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"அக்கா, செருப்பு மாறிப் போச்சுக்கா! மேல வாங்க!"

அவர் குனிந்து பார்த்தார். "ரெண்டும் என்னுதுதானே?" என்று கேட்டுவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். சாயங்காலம் திரும்பி வந்ததும் ஆபீஸில் யாரும் ஒன்றும் கேட்கவில்லையா என்று விசாரித்தேன். "மூஞ்சியப் பாத்துப் பேசுறவங்க யாரும் கேக்கல. காலைப் பாத்துப் பேசுறவங்களோட எனக்கு என்ன பேச்சு?" என்றார். இப்படிப்பட்ட ஆளோடு எதிர் வீட்டில் குடியிருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

லால்குடிக் கல்யாணத்தைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் கட்டடத்தில் முன்பு குடியிருந்தவர் வீட்டுக் கல்யாணம். பத்திரிகையைப் பார்த்து நாளைச் சொன்னது அக்கா. பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, குத்துவிளக்கு ஒன்றைப் பரிசாக எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஏறிப் போய் இறங்கினோம். மண்டபத்து வாசலில் பூவால் எழுதியிருந்த பெயர்கள் வேறு. பையிலிருந்த பத்திரிகையை எடுத்துப் பார்த்தால் எங்கள் கல்யாணம் அடுத்த வாரம்.

"அக்கா, வாங்க போயிடலாம். யாராவது பாத்தா மானம் போயிடும்."

"எதுக்குப் போகணும்? நாம கிளம்பி வந்தது கல்யாணத்துக்கு. இங்க நடக்குறது என்ன, கருமாதியா?"

சொல்லிக்கொண்டே உள்ளே நடந்துவிட்டார். சந்தனம் எடுத்துக்கொண்டார், பன்னீர் தெளிக்கச் சொன்னார், முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். பெண் வீட்டார் எங்களை மாப்பிள்ளை வீடு என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று நினைத்தார்கள். மேடையேறிக் குத்துவிளக்கைக் கொடுத்தபோது அந்தப் பெண் எங்களைத் திருதிருவென்று பார்த்தாள். அக்கா அவள் கன்னத்தைத் தொட்டு, "என்னை யாருன்னு யோசிக்காதே. உனக்காகத்தான் வந்தேன். நல்லா இரு" என்றார். அதுவரை உம்மென்று இருந்த பெண் சிரித்துவிட்டாள். எனக்கு ஒரு வாய்ச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. அக்கா இரண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த வாரம் இன்னொரு குத்துவிளக்கோடு மறுபடியும் லால்குடிக்குப் போனோம்.

ஊர் பேர் தெரியாத பெண்ணின் கல்யாணத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட இந்த அக்கா, தன் சொந்த மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை.

ஒரே மகள். படித்து முடித்து நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கு வேலைக்குப் போனவள், அங்கே கூட வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். வேறு மதம். அக்காவின் கணவர் எறும்புக்குக்கூட நோகாமல் நடக்கிற மனுஷர். அவர்தான் போனை வாங்கி, "இனி எனக்கு மக கிடையாது" என்று சொன்னார். போன் கை மாறியதும் மகள் அம்மாவிடம் கேட்டாளாம். "நீயாவது வாம்மா. ஒரு நாள் போதும்." அக்கா தன் கணவரின் முகத்தைப் பார்த்தார். பிறகு போனை வைத்துவிட்டார். இதை அக்காவே என்னிடம் சொன்னார். "எத்தனையோ இடத்துக்கு யோசிக்காமக் கிளம்பியிருக்கேன். அன்னைக்கு மட்டும் கால் எந்திரிக்கல." அதன் பிறகு மகள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கூப்பிடுவாள். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

சில வருஷம் கழித்து ஒரு காலையில் அக்காவின் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கணவரின் அண்ணன் தம்பிகள் வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டார்கள். மகளுக்குச் சொல்ல வேண்டாமா என்று நான்தான் வாய்விட்டுக் கேட்டேன். அவர்களில் பெரியவர் என்னை முறைத்தார். "அந்தப் பொண்ணு வந்து சேர இருபது மணி நேரம் ஆகும். டிக்கெட் கிடைக்கணும், லீவு கிடைக்கணும். அதுவரைக்கும் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா? அவனே மக இல்லைன்னு சொல்லிட்டான்." அக்காவிடம் ஒப்புக்கு ஒரு வார்த்தை கேட்டார்கள். "உங்க இஷ்டம்" என்றார். சாயங்காலத்துக்குள் ஓயாமாரி சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் எல்லாம் முடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் மகளுக்குப் போன் போட்டார்கள். நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மகள் அழாத குரலில் கேட்டாள். "இருபது மணி நேரம்மா. ஒரே ஒரு நாள். எனக்காக ஒரு நாள் நிக்க முடியலையா உங்களால?" அந்தக் கேள்வி அன்றைக்கு அக்காவின் காதுக்குள் போய் உட்கார்ந்தது, பிறகு எழுந்திருக்கவே இல்லை. மகள் பொங்கலுக்குக் கூப்பிடுவதும் நின்றுபோனது.

வருஷத் திதி முடிந்த கையோடு அக்கா ஆரம்பித்தார். மகளுக்கு அவராகவே போன் போட்டு, "நான் அங்க வரணும். அழைப்புக் கடுதாசி ஒண்ணு அனுப்பு, விசாவுக்கு வேணுமாம்" என்றார். "எதுக்கும்மா? நீ சிரமப்பட வேணாம். இனிமே வந்து என்ன ஆகப்போகுது?" என்று மகள் வைத்துவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் மூக்கைச் சிந்திவிட்டு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். அக்கா மறுநாள் டவுனுக்குப் போய்ப் பெரிய கடை வீதியில் சக்கரம் வைத்த நீலப் பெட்டி ஒன்று வாங்கி வந்தார்.

ஒரு புதன்கிழமை காலை என் கதவு தட்டப்பட்டது. திறந்தால் குளித்து, நெற்றியில் திருநீறு வைத்து, அந்த நீலப் பெட்டியோடு அக்கா நிற்கிறார்.

"நல்ல நேரம் முடியறதுக்குள்ள உள்ள விடு. பரஸ்தானம் வைக்க வந்திருக்கேன்."

பரஸ்தானம் எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். பயணம் போகிற நாள் நல்ல நாளாக இல்லாவிட்டால், அதற்கு முன்னால் வருகிற ஒரு நல்ல நாளில் துணிமணியைப் பையில் போட்டு இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அந்த நிமிஷமே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் போனாலும் தோஷம் கிடையாது. ஆனால் வைத்த பை போக வேண்டிய ஊருக்குத்தான் போக வேண்டும், வீட்டுக்குத் திரும்பக் கூடாது.

"டிக்கெட் எந்தத் தேதிக்குக்கா?"

"டிக்கெட்டா? விசாவே இன்னும் கேக்கல."

"அப்ப பெட்டிய இப்பவே எதுக்கு?"

"விசா எப்ப வருமோ, அன்னைக்கு நாள் எப்படி இருக்குமோ. இன்னைக்கு நாள் நல்லாருக்கு. அதோட, என் வீட்டுக்குள்ளயே இருந்தா ஒரு நாள் இல்லைன்னா ஒரு நாள் மனசு மாறிடும். பெட்டி வெளிய வந்துடுச்சுன்னா மாற முடியாது பாரு."

ஜன்னலுக்குக் கீழே, சுவர் ஓரமாகப் பெட்டியை நிறுத்தினார். அவர் வீட்டு வாசலுக்கும் என் வீட்டு வாசலுக்கும் நடுவே நாலு எட்டு இருக்கும். நிறுத்திவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ரயில் ஏறி இடம் பிடித்துவிட்ட நிம்மதி தெரிந்தது.

பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே மகளுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"நான் கிளம்பிட்டேன்."

"என்னது? எங்க இருக்க? ஏர்போர்ட்லயா?"

"இல்ல. எதிர் வீட்டுல."

மகள் பல்லைக் கடித்தது இங்கே வரை கேட்டது. நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன்.

பெட்டியோடு குடித்தனம் நடத்துவது எப்படி என்று அதற்கப்புறம்தான் தெரிந்தது. நான் ஒரு நாளைக்கு இரண்டு வேளை வீடு பெருக்குகிற ஆள். என் வீட்டில் ஒரு தூசி தங்காது. பெட்டியை நகர்த்தக் கூடாது என்று அக்கா உத்தரவு போட்டுவிட்டார். சுற்றிப் பெருக்கலாம், அடியில் துடைப்பம் போகக் கூடாது. அதோடு, அவசரத்தில் படிக்கிற மூக்குக் கண்ணாடியையும் பாஸ்போர்ட்டையும் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தார். கிளம்பிய சாமான் வீட்டு வாசற்படியைத் திரும்ப மிதிக்கக் கூடாது அல்லவா? அதனால் பேப்பர் படிக்க, கரண்ட் பில் பார்க்க, மாத்திரைப் பட்டை மேல் எழுதியிருப்பதைப் பார்க்க, எல்லாவற்றுக்கும் என் வீட்டுக்கு வந்தார். பெட்டியைத் திறப்பார், கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படிப்பார், மறுபடியும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார். புதுக் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்று என் கணவர் கேட்டார். "வாங்கலாம் தம்பி. அப்புறம் நான் போகப் போறேங்கறது எனக்கே மறந்துடும்" என்றார் அக்கா.

கீழ்வீட்டில் பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த சார் ஒருவர் இருந்தார். அவர் மாடியேறி வந்து விளக்கம் சொன்னார்.

"பரஸ்தானம் மூணு ராத்திரிக்கு மேல செல்லாதும்மா. வேற நாள் பாத்துத் திரும்பவும் வைக்கணும்."

"அது வில்வண்டியில போற ஊருக்கு சார். கடல் தாண்டிப் போறவளுக்கு அந்தக் கணக்கு பத்தாது."

சார் படியிறங்கிப் போனார். இப்படி ஒரு சாஸ்திரத்தை அவர் எந்தப் பஞ்சாங்கத்திலும் பார்த்திருக்க மாட்டார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மகளுக்குப் போன் போடுவார். பெரும்பாலும் அவள் எடுக்க மாட்டாள். எடுத்தால், "வழியிலதான் இருக்கேன்" என்பார். "அம்மா, விளையாடாதே" என்று அவள் வைத்துவிடுவாள். அப்படி ஒரு நாள் அவள் வைத்த பிறகு அக்கா எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். எனக்கே பொறுக்கவில்லை.

"எதுக்குக்கா இப்படிக் கெஞ்சிக்கிட்டு? அவளுக்கே வேணாம்னா விட்டுடுங்களேன்."

"கெஞ்சல. எனக்காக ஒரு நாள் நிக்க முடியலையான்னு கேட்டா இல்ல? அதுக்குத்தான் நிக்கிறேன். வழியில நிக்கிறேன். எத்தனை நாள் ஆனாலும் நிக்கிறேன்."

அதைச் சொல்லும்போது குரலில் அழுகை இல்லை. வெறும் தீர்மானம்தான். அதற்கப்புறம் நான் அந்தப் பெட்டியைப் பற்றி முணுமுணுக்கவில்லை.

மகள் கடுதாசி அனுப்பாவிட்டால் என்ன என்று அக்கா தானாகவே விசாவுக்கு மனுப் போட்டார். பெட்டியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்து ஸ்கேன் செய்து, நான்தான் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஏற்றினேன். காவேரிப் பாலத்தில் வேலை நடந்துகொண்டிருந்த சமயம் அது. பாங்குச் சான்று வாங்க பஸ் எங்கெங்கோ சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. அக்கா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் போய் வந்தார். கடைசியில் மனு தள்ளுபடியாகிவிட்டது. ஊரில் இவருக்கென்று யாரும் இல்லை, போனால் திரும்பி வருவார் என்று நம்ப முடியவில்லை என்று பதில் வந்தது. நான் படித்துச் சொன்னேன். என் கணவர் மெல்ல என் காதில், "ஆளைப் பாக்காமலே எவ்வளவு சரியாப் புரிஞ்சு வெச்சிருக்காங்க" என்றார். நான் அவரை ஒரு கிள்ளு கிள்ளினேன்.

அக்கா அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை. பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. இத்தனை நாள் அது எப்போது ஒழியும் என்று இருந்தவள், எடுத்துப் போய்விடக் கூடாதே என்று ரங்கநாதரை வேண்டிக்கொண்டேன். சாயங்காலம் அவர் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "திரும்பவும் எப்ப மனுப் போடலாம்னு பாரு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் போனை எடுத்தாள். விசா கிடைக்கவில்லை என்று அக்கா சொன்னார்.

"அப்ப பெட்டிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டியா?"

"எதுக்கு? இங்கயேதான் இருக்கு."

"காட்டு."

அக்காவுக்கு வீடியோவில் பேசத் தெரியாது. நான் போனை வாங்கி ஜன்னலுக்குக் கீழே காட்டினேன். நீலப் பெட்டி, அதன் அடியில் சக்கரங்களைச் சுற்றி ஒரு விரல் கனத்துக்குத் தூசி. எனக்கு மானமே போயிற்று. என் வீட்டில் ஒரு தூசி தங்காது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எத்தனை மாதமாக வழியில் நிற்கிறாள் என்பது அந்தத் தூசியில் தெரிந்திருக்க வேண்டும். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"உள்ள என்னம்மா வெச்சிருக்க?"

"ரெண்டு புடவை, ஒரு ஸ்வெட்டர், அப்பா போட்டோ. அப்புறம் உனக்குச் சுண்டைக்காய் வத்தல், மோர் மிளகா."

"ஐயோ, அதெல்லாம் இங்க கொண்டு வரக் கூடாதும்மா. ஏர்போர்ட்ல புடிச்சு ஃபைன் போட்டுடுவாங்க. மொதல்ல அத எடுத்து வெளிய வை."

அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். முகம் முழுக்கச் சிரிப்பு, கண் நிறையத் தண்ணீர். "கேட்டியா? வத்தல் வேணாங்கறா. அப்ப நான் வேணும்."

வத்தலும் வீட்டுக்குத் திரும்பக் கூடாதே. அதனால் எங்கள் வீட்டு வாணலிக்கு வந்தது. ஒரு மாதம் எல்லாக் குழம்புக்கும் சுண்டைக்காய் வத்தல்தான். என் கணவர் சுண்டைக்காய் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிற நிலைமைக்கு வந்துவிட்டார்.

பத்து நாளில் மகளின் அழைப்புக் கடுதாசி வந்தது. இரண்டாவது மனுவோடு அதை வைத்தோம். விசா வந்தது. டிக்கெட்டை மகளே எடுத்து அனுப்பினாள். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் விமானம். சரியாக ராகுகாலத்தில் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். கீழ்வீட்டு சார் தலையில் அடித்துக்கொண்டார். "நான் கிளம்பித்தான் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே சார்" என்றார் அக்கா. முந்தின நாளே தன் வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டில் வந்து படுத்துக்கொண்டார். பெட்டி இருக்கிற இடத்திலிருந்துதானே பயணம்.

காரில் பாலம் தாண்டி, பாலக்கரை தாண்டி, மன்னார்புரம் போகும்போது அக்கா கைப்பையைத் துழாவினார். காலையில் டிக்கெட்டைப் படித்துப் பார்த்தவர் மூக்குக் கண்ணாடியை எங்கள் சாப்பாட்டு மேஜையிலேயே வைத்துவிட்டார். ஒரு வருஷம் முழுக்கப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்த கண்ணாடி, கிளம்புகிற அன்றைக்கு வெளியே தங்கிவிட்டது.

"நேரம் நிறைய இருக்குக்கா, வண்டியத் திருப்பட்டுமா?" என்றார் என் கணவர்.

"திருப்பினே, நான் இங்கயே எறங்கி நடந்து போயிடுவேன்."

"ஃபாரம் எல்லாம் எப்படிப் படிப்பீங்க?"

"மனுஷங்க இருக்காங்க. கேட்டுக்குவேன்."

வண்டியைத் திருப்பவில்லை. விமான நிலைய வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை ஈரமாக இருந்தது. அவருக்கு வேர்த்து நான் பார்த்ததே இல்லை.

"பயமா இருக்காக்கா?"

"இருக்கு. ஏரோப்ளேனுக்கு இல்ல. அவ முகத்த எப்படிப் பாப்பேன்னுதான்." கையை விடுவித்துக்கொண்டார். "போயிட்டு வரேன். சேர்ற வரைக்கும் பெட்டி இருந்த எடத்தைப் பெருக்கிடாதே, சரியா?"

அதுவும் எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஊருக்குப் போனவர் போய்ச் சேருகிற வரை அவர் இருந்த இடத்தைப் பெருக்கக் கூடாது. பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றோம். ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்துக் கையசைப்பார் என்று நினைத்தேன். அவர் எங்கே திரும்பினார்?

வீட்டுக்கு வந்தால் ஜன்னலுக்குக் கீழே பெட்டியின் அளவுக்கு ஒரு கட்டம் போலத் தூசி. என் கை பரபரத்தது. தொடவில்லை. மறுநாள் காலையிலும் தொடவில்லை. இருபது மணி நேரம் என்று சொல்வது சுலபம். எந்த வேலையும் ஓடாமல், போனை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. அக்கா ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி உட்கார்ந்திருந்தார்.

முற்பகலில் போன் வந்தது.

"சேந்தாச்சு."

"அக்கா! எப்படிப் போனீங்க, கண்ணாடி இல்லாம?"

"சிங்கப்பூர்ல ஒரு பொண்ணு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் ப்ளேன் ஏத்தி விட்டா. ஃபாரத்தை வேற யாரோ எழுதிக் கொடுத்தாங்க. அதெல்லாம் ஒண்ணும் கஷ்டமில்ல."

"உங்க பொண்ணு வந்திருந்தாளா? என்ன சொன்னா?"

பின்னால் எங்கேயோ பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது.

"கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு இருந்தா. நான் போய் முன்னால நின்னேன். 'ஏம்மா இவ்வளவு நேரம்?'னு கேட்டா."

விமானம் தாமதமா என்று கேட்க வாயெடுத்தேன். நல்லவேளை, கேட்கவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்கக்கா?"

"தப்புதாம்மா, நேரமாயிடுச்சுன்னு சொன்னேன்." வெடித்து அழுதுவிட்டார். கணவர் போன அன்றைக்குக்கூட அவர் இப்படி அழவில்லை. நானும் இங்கே அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு மூக்கைச் சிந்துகிற சத்தம், அதற்குப் பின்னால் அவருடைய பழைய குரல்.

"சரி, நீ இன்னும் பெருக்காம உக்காந்திருப்பே. எந்திரி. போய்ப் பெருக்கு."

போனை வைத்துவிட்டு எழுந்து பெருக்கினேன்.